சாம்பலாகாத சேலை

என் அக்கா இறந்த அன்று, அவள் உடம்புக்குச் சார்த்தும் பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு நூல் சேலை வாங்குவதற்கு, விசைத்தறி ஓசை காலை முதல் மாலை வரை ஓயாத இந்தச் சங்கரன்கோவிலில் நான் அரை நாள் அலைய வேண்டியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போதே என் பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருக்கிறது. ஆயினும் நிதானமாகச் சொல்ல முயல்கிறேன்.

அக்கா கரிவலம்வந்தநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். அதற்கு முன்பு இங்கே சங்கரன்கோவிலில், பாவாடை கட்டிய வயதிலிருந்து திருமணமாகும் நாள்வரை, தறிக்கூடங்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு கட்டையில் நூலைச் சுற்றுவது அந்த வேலை. பருத்தி நூல் அவளுடைய விரலிடுக்கில் ஓடி ஓடி அங்கே ஒரு தழும்பையே உண்டாக்கியிருந்தது. பாலியஸ்டர் சேலையை அவள் சேலை என்றே ஒப்புக்கொண்டதில்லை. வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பளபளக்கும் வெளிநாட்டுச் சேலையைக் கொடுத்தபோது, "இத மழைக்குப் பொத்திக்கிடலாம்" என்று சொல்லி, நெல் மூட்டைக்கு மேல் விரித்தவள் அவள்.

அப்படிப்பட்டவளைக் கடைசி மூன்று மாதங்கள் படுக்கையில் கிடத்தி, பாலியஸ்டர் நைட்டி போட்டு வைத்திருந்தார்கள். அவள் மகளைக் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. நாளுக்கு நான்கு முறை மாற்றித் துவைத்து உலர்த்த வேண்டியவள் அவள்தான். ஆனால் அந்த நைட்டியின் கழுத்துப் பட்டையில் நூறு சதவீதம் காட்டன் என்று அச்சிட்டிருந்தது. வியர்வையை உறிஞ்சாமல் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் துணியை அக்கா இரண்டு விரலால் இழுத்துக் காட்டினாள்.

"ஏலே தம்பி, நீ துணிக்கடைக்காரம்லா. இது காட்டனா?"

"இல்லக்கா."

"எனக்கும் தெரியும். உடம்பெல்லாம் வேகுது. உசுரோட வேக வச்சது போதும்லே. எரிக்கையிலயாவது என்னைய நூல் சேலையில எரிங்க. பொறந்த வீட்டுக் கோடி ஒங்கையாலதான வரணும்? பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என்னிடம் கேட்ட கடைசிப் பொருள் அது.

பங்குனி மாதத்து ஒரு விடியலில் அவள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மாலை நான்கு மணிக்கு எடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே நான் வாசலில் நின்றேன். அது நான் நாற்பது ஆண்டுகள் துணி விரித்துக் காட்டிய கடை. பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தும் இலக்கணமும் பிற்காலத்தில் நானே தேடிக் கற்றவை. ஆனால் துணியை மட்டும் அந்தக் கடை எனக்குக் கற்பித்தது.

எந்தத் துணியையும் நான் இழிவாகப் பேசுகிறவன் அல்லன். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு மல் துணி. ரவிக்கைக்கு ரூபியா, உள்பாவாடைக்குப் பாப்ளின். நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்யும் பேருந்து ஓட்டுநரின் காற்சட்டைக்கு டெர்ரிகாட்டன். அதில் பாதி பாலியஸ்டர் இருப்பதால்தான் மடிப்பு கலையாமல் நிற்கிறது. ரேயான் மரக்கூழில் பிறந்தது. வழவழப்பாக இருந்தாலும் நெருப்பில் பருத்தியைப் போலவே சாம்பலாகும். குடைக்கும் பள்ளிப் பைக்கும் பாலியஸ்டரைவிடச் சிறந்தது இல்லை. துணியில் ஏது குற்றம்? ஒன்றை மற்றொன்றின் பெயரால் விற்கிற வாயில்தான் குற்றம்.

கடையின் மேற்பார்வையாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். என்னோடு ஒரே மேசையில் இருபது ஆண்டுகள் நின்றவர். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, அக்காவா? அடப்பாவமே. கோடிக்குத்தான வந்திய? இங்கன வாங்க."

மாடிப்படிக்குக் கீழே, விளக்கு வெளிச்சம் பாதி விழும் மூலையில், கோடிச் சேலை அடுக்கு இருந்தது. அவர் ஒன்றை எடுத்து உதறினார். கண்ணைப் பறிக்கும் கத்தரிப்பூ நிறம். தங்க நிறக் கரை. கையில் வாங்கியதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கனமே இல்லை. நீளமும் இல்லை; கட்டினால் கொசுவத்துக்குப் போதாது. உயிருள்ள ஒருத்தி கட்ட முடியாத சேலை. இறந்தவள் எழுந்து நின்று கொசுவம் வைக்கப்போவதில்லை என்ற துணிவில் நெய்யப்பட்ட சேலை.

"நூல் சேலை வேணும்" என்றேன்.

"நூல் சேலையா? கோடிக்கா?" அவர் உண்மையாகவே வியந்தார். "சாம்பலாப் போறதுக்கு நல்ல சேலை எதுக்கு அண்ணாச்சி?"

என் செவியில் அறைந்தது போலிருந்தது. ஏனெனில் அந்த வாக்கியம் என்னுடையது.

இதை மறைத்துவிட்டு ஊரைக் குற்றம் சாட்ட எனக்கு உரிமை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, நீளம் குறைந்துபோன பாலியஸ்டர் சேலைக் கட்டு ஒன்று விலைபோகாமல் கிடந்தது. எப்படியாவது தள்ளிவிடு என்றார் முதலாளி. அன்று ஒரு பெண் தன் தாய்க்குக் கோடி எடுக்க வந்தாள். நூல் சேலைதான் கேட்டாள். அழுது வீங்கிய கண்ணோடு நின்ற அவளிடம் நான் இந்தக் கட்டைப் பிரித்துக் காட்டி, "சாம்பலாப் போறதுக்கு நல்ல சேலை எதுக்கு தாயி?" என்றேன். துணி தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பி வாங்கிப் போனாள். அந்தக் கட்டு ஒரே மாதத்தில் தீர்ந்தது. முதலாளி அதே நீளத்தில் மேலும் வரவழைத்தார். அடுக்கு பிறந்தது. பிறகு எதிர்க்கடையிலும் பிறந்தது.

அந்த வாக்கியத்தில் இரக்கமின்மை இருந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் பொய் இருந்தது. பாலியஸ்டர் சாம்பலாகாது. இதைக் கடையில் மற்ற எவனைவிடவும் நன்றாக அறிந்தவன் நான். ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு, உருகி, கறுத்த மணியாக இறுகும். சந்தேகப்பட்ட சரக்கையெல்லாம் அப்படிச் சோதித்த என் கையேதான், சாம்பலாகாத துணியை எடுத்து நீட்டியது.

"அந்தப் பேச்ச விடும்" என்றேன். "முழு நீளத்துல, சுத்தமான நூல் சேலை எடும்."

அவர் மாடிக்கு ஆள் அனுப்பி நான்கைந்து சேலைகளை வரவழைத்தார். எல்லாவற்றிலும் காட்டன் என்று ஒட்டியிருந்தது. நான் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். முந்தானைக் குஞ்சத்திலிருந்து பிடுங்கிய இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்த மணியாயின.

"கடைக்குள்ள தீக்குச்சி கிழிக்காதிய அண்ணாச்சி, கேமரா இருக்கு" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"ஒட்டியிருக்குத காகிதத்த அந்தக் கேமரா வாசிக்காதோ?"

அடுத்த இரண்டு கடைகளிலும் இதுவே நடந்தது. ஒரு கடையில் உண்மையான நூல் சேலை இருந்தது. ஆனால் அது எங்கோ வடக்கேயிருந்து வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை கட்டியிருந்த ஒற்றைச் சேலை. கழற்ற முடியாதென்றார்கள்.

கடைகளை விட்டுத் தறிகளுக்குப் போனேன். முதல் இரண்டு கூடங்களில் பாவு பருத்தியாகவும் ஊடை பாலியஸ்டராகவும் ஓடிக்கொண்டிருந்தன. நீளத்தில் ஓடும் நூல் ஒன்று, குறுக்கே ஓடும் நூல் வேறொன்று. வியாபாரி அப்படித்தான் கேட்கிறாராம். மூன்றாவது, வீட்டுக்குப் பின்புறம் நான்கு தறி வைத்திருக்கும் ஒருவருடையது. அவருடைய தந்தையின் தறிக்குத்தான் என் அக்கா தார் சுற்றினாள். அங்கே ஒரு தறியில் மட்டும் பழுப்பு வெள்ளையில் பருத்திச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. பாவையும் ஊடையையும் தனித்தனியே எரித்துப் பார்த்தேன். இரண்டும் சாம்பலாயின. அரை நாளில் முதல் முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

"முடிய இன்னும் ரெண்டு முழம் ஓடணும்" என்றார் தறிக்காரர். "கரண்டு நின்னுரக்கூடாது, அவ்வளவுதான். உக்காருங்க."

உட்கார முடியவில்லை. துணி விரற்கடை விரற்கடையாக வளர்வதைப் பார்த்தபடி நின்றேன். பன்னிரண்டரை மணிக்கு அக்கா மகள் அழைத்தாள்.

"மாமா, எங்க இருக்கிய? எல்லாரும் வந்துட்டாவ. பொறந்த வீட்டுக் கோடி எங்கன்னு கேக்காவ."

"தறியில இருக்கு தாயி."

"தறியிலயா? கடையில இல்லாத சேலையா? எதையாவது எடுத்துட்டு வாங்க மாமா, அம்மாவ எம்புட்டு நேரம் போட்டு வைக்க?"

எதையாவது என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தறிக்காரர் சேலையை அறுத்துக் கையில் கொடுத்தபோதுதான் கரையையும் சோதிக்கத் தோன்றியது. அரக்கு நிறம். இழை பிடுங்கித் தீயில் காட்டினேன். உருகியது.

"கரை நூல் மட்டும் அப்படித்தான் அண்ணாச்சி. சாயம் போகாதுல்லா" என்றார் அவர்.

வேறு சேலைக்கு நேரம் இல்லை. ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு விட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தேன். நல்ல பருத்தி நீளவாக்கில் நூல் பிடித்தாற்போல் கிழியும். உள்முனையிலிருந்து முந்தானை வரை கரை சரசரவென்று பிரிந்து வந்தது. மறு பக்கமும் அவ்வாறே. தறிக்காரர் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கோடியக் கிழிக்கியளே! கரையில்லாத சேலையவா பொறந்த வீட்டுல இருந்து கொண்டு போவிய?"

"கரை அவளுக்கு வேண்டாம்" என்று சொல்லி, கிழித்த கரையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

நான் கரிவலம்வந்தநல்லூரை அடைந்தபோது, குளிப்பாட்டுவதற்கான நீர்மாலைக் குடங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. சேலையைக் கையில் வாங்கிய அக்கா மகள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கஞ்சிப் பசையோடு விறைத்திருந்த, நிறமற்ற, இரு ஓரமும் பிசிர் தொங்கிய அந்தத் துணியைச் சுற்றியிருந்த பெண்களும் பார்த்தார்கள்.

"என்ன மாமா இது? கிழிச்ச துணியக் கொண்டாந்திருக்கிய? அம்மா ஒங்களுக்கு என்ன குறை வச்சா?"

கூட்டத்தின் நடுவே நின்று விளக்கம் கூற எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கூறாமல் விட்டால் அக்காவுக்குத் தந்த வாக்கு அங்கேயே முடிந்துவிடும். கரையிலிருந்து ஓர் இழையையும் சேலையிலிருந்து ஓர் இழையையும் எரித்துக் காட்டினேன். கறுத்த மணியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை நகத்தால் அழுத்திப் பார்த்தாள், நசுங்கவில்லை.

"அம்மா நைட்டியும் இப்படித்தானா?" என்றாள்.

பிறகு சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குளிப்பாட்டி முடித்து அக்காவைக் கொண்டுவந்து கிடத்தியபோது, கரையில்லாத அந்தச் சேலைதான் அவள் உடம்பைச் சுற்றியிருந்தது.

அதன்மேல் மற்ற வீடுகளின் கோடிகள் வரிசையாக விழுந்தன. பச்சை, ஊதா, மஞ்சள், எல்லாம் பளபளத்தன. அத்தனையும் எந்த மூலையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் விழும்போது என் பழைய வாக்கியம் என் செவியில் மீண்டும் ஒலித்தது.

மயானத்தில் பொதுவாக மற்றக் கோடிகளை எடுத்துவிட்டு, பிறந்த வீட்டுக் கோடியையும் புகுந்த வீட்டுக் கோடியையும் மட்டும் உடம்போடு விடுவது அவ்வூர் வழக்கம். புகுந்த வீட்டுக் கோடியைக் கொண்டுவந்தவர் அக்காவின் கொழுந்தன். எனக்கு மச்சான் முறை. அவர் கொண்டுவந்தது காலையில் நான் கையிலெடுத்து வைத்துவிட்டு வந்த அதே கத்தரிப்பூ நிறம், அதே தங்கக் கரை.

"அத எடுத்துருங்க" என்றேன்.

"எத?" என்றார் மச்சான்.

"ஒம்ம வீட்டுக் கோடியத்தான். அது உருகி அவ உடம்புல ஒட்டும்."

அவர் முகம் சிவந்தது. "என்ன மச்சான் பேசுதீரு? எங்க வீட்டுக் கோடி எப்படி ஜொலிக்குது. ஒம்ம வீட்டுக் கோடிக்குக் கரையக்கூடக் காணும். எலி கடிச்ச மாதிரி ஒண்ணக் கொண்டுவந்து போட்டுட்டு, எங்களதக் குறை சொல்ல வந்துட்டீரோ?"

"ஜொலிக்குததுதான் குத்தம்" என்று நானும் குரலை உயர்த்தினேன். இரு வீட்டாரும் இரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். நான் தீப்பெட்டியை எடுத்தேன்.

அப்போது சிதை அடுக்கிக்கொண்டிருந்தவர் வரட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். மெலிந்த, நரைத்த மனிதர்.

"தீப்பெட்டிய உள்ள வையும் அண்ணாச்சி" என்றார். "இது என்ன துணின்னு தெரிய எனக்குக் குச்சி வேண்டாம். மறுநா எலும்பு பொறுக்குதவன் நான்லா? நெருப்புக் குறைஞ்ச ஓரத்துல இது ரோட்டுத் தார் கணக்கா உறைஞ்சு கெடக்கும். எலும்போட சேத்துச் சுரண்டி எடுக்கணும். ஒங்களுக்கெல்லாம் அலசித் துடைச்சுத்தான கலயத்துல தாரேன்? பத்துப் பன்னெண்டு வருசமா இந்தச் சனியனோடதான் பாடு. நூல் துணி போட்டு எரிச்சா வெள்ளச் சாம்பலா, அள்ளுனா மாவு மாதிரி இருக்கும்."

இத்தனை ஆண்டுகள் நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று விற்றதை, இந்த மனிதர் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

மச்சான் நீண்ட நேரம் அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு அந்தக் கத்தரிப்பூச் சேலையைத் தம் கையாலேயே மெதுவாக உருவி எடுத்தார்.

"அப்ப எங்க வீட்டுல இருந்து மதினி கோடியில்லாமப் போறதா?" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வெளுத்துப்போன ஈரிழைத் துண்டு. சிதை அடுக்குகிறவர் அதன் ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நூலுதான். போடும்."

"பழசுல்லா இது? கோடின்னா புதுசு வேண்டாமா?"

"ஓமக்குப் பழசு. அவியளுக்குப் புதுசுதானவே. போடும்."

மச்சான் துண்டை விரித்துக் கரையில்லாத சேலையின்மேல் போர்த்தினார். நெருப்பு வைக்கப்பட்டது.

மறுநாள் காலையில் சாம்பல் எடுக்கப் போனோம். சிதை அடுக்கியவர் சொன்னது போலவே வெள்ளைச் சாம்பலாக இருந்தது. ஓரங்களில்கூடக் கறுப்பு இல்லை. கலயத்தைக் கொடுத்தபின், மதில் ஓரம் கிடந்த கத்தரிப்பூச் சேலையைச் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"இங்கன கெடந்தா மாடு தின்னு தொண்டையில சிக்கும். நீங்க கொண்டு போங்க."

அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவிலில் இறங்கியவன், நேரே கடைக்குப் போனேன். உள்ளே நுழையவில்லை. வாசற்படியில் நின்று மேற்பார்வையாளரை அழைத்தேன். பைக்குள் இருப்பது எதுவென்று சொன்னதும் அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"என்ன அண்ணாச்சி, பொணத்து மேல போட்டத வியாபாரம் பண்ணுத எடத்துக்குக் கொண்டாரியளே! நாலு பேரு பாத்தா கடை என்னாகும்?"

"பொணத்துக்குன்னே நெய்ஞ்சத மாடிப்படிக்குக் கீழ அடுக்கி வச்சிருக்கிய. அது மட்டும் வியாபாரம் பண்ணுத எடத்துலதான இருக்கு?"

அவர் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "நீங்க ஆரம்பிச்சதுதான அண்ணாச்சி" என்றார், மிகவும் மெல்ல. பழிப்பாக அல்ல, உள்ளதைச் சொல்வதுபோல.

"ஆமா, நான் ஆரம்பிச்சதுதான். அதனாலதான் நானே கொண்டாந்திருக்கேன். நான் சொன்னது பொய். அது சாம்பலாகாது. நேத்து அந்தச் சாம்பல அள்ளுதவரு வாயாலயே கேட்டுட்டேன்."

"இனிமே வாரவங்ககிட்ட நான் என்ன சொல்லணும்ங்கிய?"

"நூல் சேலை இல்லைன்னு சொல்லும். அது ஒண்ணுதான் இந்தக் கடையில உண்மை."

பையை அங்கே வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எரித்தால் உருகும், புதைத்தால் மக்காது. கொல்லைப்புறத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். வெயிலும் காற்றும் பட்டு ஐந்து மாதம் ஆகிறது. கத்தரிப்பூ நிறம் இம்மியும் வெளுக்கவில்லை.